ஓய்வு பெற்றோர் இன்பம்

ஒருவர் தம் உத்தியோகத்தை விட்டு நீங்கினால் அவர் 'ஓய்வு பெற்றார்' என்று தமிழில் வழங்குகிறோம். பெறுதல் என்று சொன்னாலே கொடுத்தவர் ஒருவர் உண்டு என்பது தானே விளங்கும். பரிசு பெற்றார் எனின் பரிசளித்தவர் உளர். கடன் பெற்றார் எனின் கடன் கொடுத்தவர் உளர். அங்ஙனமாயின் ஓய்வு பெற்றவருக்கு அவ்வோய்வினைக் கொடுத்தவர் யாவர்? அரசாங்கத்தாரா, கம்பெனியாரா, தலையெடுத்த பிள்ளைகளா, அன்றி நாம் எண்ணிப் பாராத வேறு எவரேனுமா? இக்கேள்வி சொல் விளையாட்டுப் போலத் தோன்றலாம். நமக்கும் பல்லாண்டுகள் அவ்வாறே தோன்றியது. ஆயினும் ஓய்வு காலத்தின் எளிய இன்பங்களைப் பற்றி எழுதப் புகுந்த நாம், இதனைத் தாண்டி அடியெடுத்து வைக்க இயலாதவராயினோம்.

அவ்வின்பங்கள் இன்னவை என்பதை வாசக அன்பர்கள் அறிவர். விடிந்தபின் விழித்தல், அவசரமின்றிப் பல் துலக்குதல், சூடான தேநீர், பத்திரிகையை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தல், வெயிலில் அமர்தல், பேரக் குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு தெருமுனை வரை நடத்தல். இவற்றில் தீமை யாது என்று கேட்பீர்கள். இவை நல்லவையென்றே நாமும் கொள்கிறோம். ஆனால் இவற்றைத் துய்ப்பவன் எவருக்கேனும் கடன்பட்டவனா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நம் முன்னோருக்கு ஓய்வு என்றொரு பருவம் இருந்ததில்லை. பழைய சாத்திரங்கள் மனித வாழ்வை நான்கு பகுதிகளாக்கி, மூன்றாவதில் இல்லறப் பொறுப்பை மக்களிடம் ஒப்புவித்து வனம் புகுமாறு கூறின. அப்பகுப்போ மேல் மூன்று வருணத்தாருக்கே வகுக்கப்பட்டது. ஏரின் பின் சென்றவனுக்கும், களத்தில் போரடித்தவனுக்கும் அதில் இடமில்லை. வட ஆற்காட்டுச் சேரிகளில் பண்ணையாட்களாயிருந்த நம் பாட்டன்மாரின் கை ஓய்ந்த அன்றே கூலியும் ஓய்ந்தது. அவர்கள் வனத்திற்குப் போகவில்லை; திண்ணையின் மூலைக்குப் போனார்கள். அங்கும் கயிறு திரித்துக் கொண்டோ, கோழியை விரட்டிக் கொண்டோதான் இருந்தார்கள். சும்மா இருந்து உண்ணும் சோறு தொண்டையில் இறங்காது என்பது அவர்களுடைய பழக்கம். அப்பழக்கத்தைப் பெருமையாகப் பேசுவாரும் உளர். நமக்கு அதனைப் பெருமையென்று கொள்ள மனம் வரவில்லை.

கூலிக்கு உழைத்தவன் முதுமையில் உழையாமலே உண்ணலாம் என்பது உலகிற்கே புதிய எண்ணம். ஜெர்மனி தேசத்தில் பிஸ்மார்க் அதிகாரத்திலிருந்த காலத்தில், 1889-ஆம் ஆண்டு, முதியோருக்கான காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. எழுபது வயது நிரம்பியவருக்கே அதன் பயன் என்று வைத்தார்கள். அக்காலத்துத் தொழிலாளரில் எழுபதைக் கண்டவர் எத்தனை பேர்? 1916-இல்தான் அவ்வயது 65-ஆகக் குறைந்தது. நம் நாட்டில் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா என்பாரின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. ஓய்வூதியம் எஜமானன் மனமிரங்கி இடும் கொடையன்று, முன்னர்ச் செய்த பணிக்கு உரிமையாய் வருவது என்பது அதன் சாரம். ஓய்வூதியர்கள் அந்நாளைத் தங்கள் நாளாகக் கொண்டாடுவது தகும். நம் முதற் கேள்விக்கு இஃது ஒரு விடை: ஓய்வைக் கொடுத்தவன் பிறனல்லன், உழைத்தவனே தன் உழைப்பால் அதனை ஈட்டிக்கொண்டான்.

இவ்விடை பாதியளவே சரியென்பதை நாம் பின்னர் அறிந்தோம். அதனைச் சொல்லுமுன், நாம் கண்ட இன்பங்களைச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறோம்.

நாம் வாழ்வது கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குத் தங்கச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், தமிழ் மாவட்டங்களிலிருந்து பஞ்சத்திற்கும் பண்ணையடிமைக்கும் தப்பி வந்த குடும்பங்களே இவ்வூரை நிரப்பின. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசாங்கத்திடமும், 1962-இல் மத்திய அரசாங்கத்திடமும் சென்றன. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், தொட்டால் சுடும் பாறைகளுக்கிடையே, நம்மவர் நான்கு தலைமுறை தங்கம் வெட்டினார்கள். நாம் கீழே இறங்கி வெட்டியவரல்லேம். டைம் ஆபீஸில் ஆஜர்ப் புத்தகம் எழுதிய குமாஸ்தா. யார் எந்நேரம் இறங்கினார், எந்நேரம் ஏறினார், எவருக்கு எத்தனை மணி மிகைநேரம் என்பதை எழுதுவதே நம் சீவனம். சுரங்கம் மூடிய அன்று நம் பேனாவும் மூடியது.

முதலாவது இன்பம் வெயில். இதனை வெளியூரார் நம்ப மாட்டார்கள். பகல் ஷிப்டில் கூண்டேறிக் கீழே இறங்கியவன் பகலைக் காணமாட்டான். இரவு ஷிப்டு முடித்து மேலே வந்தவன் பகலைத் தூங்கிக் கழிப்பான். முப்பதாண்டுகள் கீழே இருந்த ஓர் அன்பர் நம் லைனிலேயே குடியிருந்தார். சுரங்கம் மூடியபின் நாள்தோறும் காலையில் ஒரு கோணிப்பையை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து, வெயில் நகர நகரத் தாமும் நகர்ந்துகொண்டே இருப்பார். "என்ன அண்ணே, பூனை மாதிரி வெயிலுக்கு இடம் மாத்திக்கிட்டே இருக்கீங்க?" என்றோம் ஒரு நாள். "தம்பி, முப்பது வருஷத்து வெயில் பாக்கி இருக்கு. கொஞ்சங் கொஞ்சமா வசூல் பண்றேன்" என்றார். கல்தூசி தின்ற நுரையீரல் அவரை அதிக காலம் வசூலிக்க விடவில்லை. ஆயினும் அக்கோணிப்பையில் அவர் அமர்ந்திருந்த அமைதியை நாம் வேறு எவரிடத்தும் கண்டதில்லை.

இரண்டாவது இன்பம் ஒலியில்லாமை. ஷிப்டுக்குச் சங்கு ஊதிய காலத்தில் ஊரே அச்சங்கிற்கு எழுந்தது, அதற்கே உண்டது, அதற்கே உறங்கியது. சங்கு நின்றபின் முதல் சில மாதங்கள் பலருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. பிறகுதான் காகம் கரைவதும், பக்கத்து வீட்டில் அம்மி அரைபடுவதும் காதில் விழலாயின. முருங்கை மரம் ஒன்று வைத்தோம். அது பூத்து, பிஞ்சு விட்டு, காயாக நீளுவதை ஒவ்வொரு நாளும் பார்த்தோம். மாலையில் மரத்தடியில் ஆடுபுலி ஆட்டம். புலியாக ஆடுவதைவிட ஆடுகளாக ஆடிப் புலியைக் கட்டுவதில்தான் நம்மவருக்கு விருப்பம் மிகுதி; அதன் காரணத்தை அன்பர்களே ஊகித்துக் கொள்வார்களாக.

நிற்க. இத்தகைய சிறு பொருள்களில் மனிதனுக்கு இத்துணை இன்பம் எங்கிருந்து வருகிறது? மண்ணும் வெயிலும் முருங்கைக்காயும் உழைத்த காலத்திலும் இருந்தனவே?

இதற்கு விடையாகப் பத்தியர் வரலாற்றைக் கூறலாம். சாக்கியர் குலத்து அரசராயிருந்த அவர் பிக்ஷுவானபின் மரத்தடியிலும் தனியிடத்திலும் அமர்ந்து, 'ஆ, என்ன இன்பம்!' என்ற கருத்துப்பட அடிக்கடி வாய்விட்டுக் கூறுவார். கேட்ட பிக்ஷுக்கள், இவர் பழைய அரச போகத்தை நினைத்து ஏங்குகிறார் என்று ஐயுற்றுப் பகவரிடம் தெரிவித்தனர். பகவர் அழைத்து வினவியபோது அவர் கூறிய விடை வேறாயிருந்தது. அரண்மனையின் உள்ளும் புறமும், நகரின் உள்ளும் புறமும் காவல் வைத்திருந்தும் தாம் எந்நேரமும் அச்சத்துடனேயே வாழ்ந்ததாகவும், இப்பொழுது மரத்தடியில் தனித்திருந்தும் அச்சமென்பதே இல்லையென்றும் அவர் கூறினார். அவரை மகிழ்வித்தது மரமன்று, அச்சம் அகன்றமையே.

உரோம சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தியான டயோக்ளீஷியன் 305-ஆம் ஆண்டு தானே முடியைத் துறந்து, கடற்கரையிலிருந்த தன் மாளிகையிற் சென்று தோட்டம் போட்டான். மீண்டும் பட்டமேற்குமாறு பழைய நண்பர்கள் வேண்டியபோது, தன் கையால் நட்ட கீரைகளைக் கண்டால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று விடையளித்ததாகச் சரித்திரம் கூறும். பத்தியரோடு இவனை ஒப்பிடலாகாது; இவன் தன் ஆட்சியின் இறுதியாண்டுகளில் கிறிஸ்தவர்களைக் கொடுமை செய்தவன். ஆனால் கீரைப்பாத்தி அவனுக்கு இனித்த காரணம் ஏறக்குறைய ஒன்றே.

சுரங்கத் தொழிலாளியின் அச்சம் அரசரின் அச்சத்திற்குக் குறைந்ததன்று. பூமிக்குள் பாறை வெடித்தால் மேலே வீட்டுச் சுவர்கள் அதிரும். அலமாரியிலிருக்கும் பாத்திரங்கள் உருளும். அடுப்பை அப்படியே விட்டுப் பெண்கள் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள். கூண்டு மேலே வரும்போதெல்லாம் முகங்களை எண்ணுவார்கள். தம் முகம் அதில் இருந்தால் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து அணைந்த அடுப்பை மூட்டுவார்கள். இவ்வச்சம் அகன்றதுதான் நம் ஊரார் ஓய்வின் பேரின்பம். வெயிலும் தேநீரும் அதன் அடையாளங்கள்.

இவ்விடத்தில் நேர்மையுடன் ஒன்று சொல்லியாக வேண்டும். எளிய இன்பமே போதும் என்பது, வயிறு நிறைந்தவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொழுதே அறமாகும். அதனைப் பிறனுக்கு, அதிலும் வறியவனுக்கு, உபதேசித்தால் அது சூதாகிவிடும். 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்த அளவு மாதம் ரூ.1,000 என்பதே 2014-இல்தான் உறுதியாயிற்று. மாதம் ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு மாத்திரை வாங்குவதா, அரிசி வாங்குவதா என்று நிற்கும் முதியவரிடம் போய், சூரிய உதயத்தைக் கண்டு மகிழுங்கள் என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது. ஆளவி நகரில் பகவர் தம்மம் உரைக்க அமர்ந்திருந்தபோது, காணாமற்போன எருதைத் தேடிக் களைத்து ஓர் ஏழை உழவன் பசியோடு வந்தான். பகவர் அவனுக்கு முதலில் உணவளிக்கச் செய்து, அவன் உண்டு முடித்த பின்னரே பேசத் தொடங்கினார் என்பது தம்மபத உரையிற் காணும் வரலாறு. சந்துட்டி என்னும் மனநிறைவைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் இவ்வரிசையை மறவாதிருத்தல் வேண்டும்.

பகவர் அனாதபிண்டிகருக்கு இல்லறத்தானின் இன்பங்கள் நான்கு என்று எடுத்துரைத்தார். நேர்மையாய் ஈட்டிய பொருளை உடைமையின் இன்பம், அதனைத் துய்த்தும் பிறர்க்கு ஈந்தும் பெறும் இன்பம், கடனின்மையின் இன்பம், உடல், சொல், மனம் மூன்றாலும் குற்றமின்மையின் இன்பம். முன்னைய மூன்றும் சேர்ந்தாலும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்கிற்கும் ஈடாகா என்றார். ஓய்வு பெற்றோருக்கு இதனைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை. முதலிரண்டும் நமக்கு ஓரளவு வாய்த்தன. மூன்றாவதும் வாய்த்தது, சுரங்கம் மூடியபோது கைக்கு வந்த தொகையைக் கொண்டு பெண்ணின் கலியாணக் கடனை அடைத்தோம். வட்டிக்காரர் கடையைக் கடந்து தலைநிமிர்ந்து நடப்பதில் உள்ள சுகம் அனுபவித்தவருக்கே தெரியும். நான்காவதும் வாய்த்ததாகவே எண்ணியிருந்தோம். பஞ்சசீலம் காக்கிறோம், பௌர்ணமி தோறும் விகாரை செல்கிறோம், எவரையும் வஞ்சித்ததில்லை. வேறென்ன குற்றம்?

அன்றொரு நாள் பழைய பெட்டியைக் குடைந்தபோது எழுதாத தாள்களோடு கூடிய ஓர் ஆஜர்ப் புத்தகம் கிடைத்தது. கை பழைய பழக்கத்தில் பேனாவை எடுத்தது. எழுத யாரும் இல்லை. எதிரே நம் வாழ்க்கைத் துணைவியார் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். விளையாட்டாக அவர் பெயரை எழுதி, நேரத்தைக் குறிக்கத் தொடங்கினோம். ஒரு நாள் போதாதென்று மூன்று நாட்கள் எழுதினோம்.

நம் மகனும் மருமகளும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். இவ்வூர் இளைஞர்கள் ஆயிரக்கணக்கானோரைப் போலவே, மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் இரயிலில் ஏறி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் சென்று இரவில் திரும்புகிறார்கள். அவர்களுக்குச் சோறு கட்ட வேண்டும். ஆகவே நம் துணைவியாரின் ஆஜர் காலை 3.40-க்குத் தொடங்கியது. இரயிலுக்குப் போகிறவர்கள் போனபின் தண்ணீர் பிடித்தல். பிறகு பேரனைப் பள்ளிக்கு அனுப்புதல். பிறகு நமக்குத் தேநீர். துணி, பாத்திரம், ரேஷன் கடை, நடுப்பகல் சமையல், மாவரைத்தல், பேரனின் வீட்டுப்பாடம், இரவுச் சமையல், இரயிலிலிருந்து வருபவர்களுக்கு மீண்டும் சூடு செய்தல். ஆஜர் முடிந்தது இரவு 10.10. பதினெட்டரை மணி. அஃதாவது முழு ஷிப்டு இரண்டும், மேலே இரண்டரை மணி மிகைநேரமும். இடையில் அவர் உட்கார்ந்ததெல்லாம் கூட்டினால் ஒரு மணி பத்து நிமிடம். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. உட்கார்ந்துகொண்டு அரிசியில் கல் பொறுக்கியதை வேலையென்று எழுதுவதா, ஓய்வென்று எழுதுவதா? முப்பதாண்டு அனுபவமுள்ள டைம் ஆபீஸ் குமாஸ்தாவான நமக்கு அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் அவர் கேட்டார்: "மூணு நாளா என்னைப் பார்த்துப் பார்த்து என்னங்க எழுதறீங்க?"

"உன் ஆஜர்."

அவர் புத்தகத்தை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். "கலியாணமாகி நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சா? சரி, சம்பள பாக்கி எவ்வளவுன்னு அதையும் போட்டு வையுங்க" என்று கூறிச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவருக்கு அது சிரிப்பு. நமக்கு அன்று தேநீர் இறங்கவில்லை. கூண்டிலிருந்து ஏறி வரும் முகங்களை எண்ணிக்கொண்டு சுரங்க வாயிலில் நின்ற பெண்களில் அவர் இல்லை. நாம் கீழே இறங்கவில்லையாதலால் அவ்வச்சம் அவருக்கில்லை. ஆனால் ஆயிரம் பேருடைய மணிக்கணக்கைப் பிசகாமல் எழுதிய கணவன், ஒரே ஒருவருடைய கணக்கை ஒரு நாளும் எழுதியதில்லை. நம் ஓய்வு நாம் ஈட்டியது என்றோம். ஈட்டியது உண்மையே. ஆனால் ஈட்டிய ஓய்வை ஒவ்வொரு காலையும் சூடாக்கிக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒருவர் இருந்தார்.

ஆறுதல் தேடிச் சிகாலோவாத சூத்திரத்தை எடுத்துப் படித்தோம். இல்லறத்தானுக்குப் பகவர் ஆறு திசைகளாக உறவுகளை வகுத்துக் காட்டிய உபதேசம் அது. அதில் எஜமானன் பணியாட்களுக்குச் செய்ய வேண்டியவை ஐந்து: ஆற்றலுக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் தருதல், நோயிற் பேணுதல், நல்ல பண்டங்களைப் பகிர்தல், தக்க காலத்தில் விடுமுறை அளித்தல். எத்துணை நூற்றாண்டுகளுக்கு முன்னரே தொழிலாளிக்கு விடுமுறை வேண்டுமென்று கூறப்பட்டுள்ளது என்று இக்கூட்டங்களில் நாம் பெருமையாகப் பேசியிருக்கிறோம். அதே சூத்திரத்தில் கணவன் மனைவிக்குச் செய்ய வேண்டியவையும் ஐந்து: மதித்தல், இழித்துரையாமை, பிறன்மனை நாடாமை, இல்லத்து அதிகாரத்தை அளித்தல், அணிகலன் தருதல். விடுமுறை அதில் இல்லை. மனைவியின் கடமைகளிலோ, எல்லாப் பணிகளிலும் திறமையும் சோம்பலின்மையும் வேண்டுமென்று காணப்படுகிறது.

இதனை மறைத்து எழுத நமக்கு விருப்பமில்லை. 'மதித்தல்' என்பதிலேயே ஓய்வும் அடங்கும் என்று கூறித் தப்பித்துக்கொள்ளலாம். உரையாசிரியர்கள் அதைவிடக் கடினமான முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறார்கள். நாம் வேறுவிதமாகக் கருதுகிறோம். பணியாளுக்கு விடுமுறை ஏன் விதிக்கப்பட்டது? அவன் உழைப்பின் பயனை மற்றொருவன் துய்க்கிறான். துய்ப்பவன் உழைப்பவனின் களைப்பிற்குப் பொறுப்பாளி. இக்காரணம் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் விதியும் உண்டு. எழுத்தைப் பற்றிக்கொண்டு காரணத்தைக் கைவிடுவது நாம் விட்டு வந்த சாத்திரிகளின் வழக்கம்; அதனை இங்கும் கொண்டுவருதல் வேண்டா. அன்றியும், முத்தா என்னும் பிக்ஷுணி தாம் பெற்ற விடுதலையைப் பாடியபோது, உரலினின்றும் உலக்கையினின்றும் கணவனிடமிருந்தும் விடுபட்டதையும் சேர்த்தே பாடினார் என்று தேரிகாதையில் காண்கிறோம். உரலும் உலக்கையும் ஒரு தளையென்பதைச் சங்கத்தார் அன்றே கேட்டு, அப்பாடலைப் போற்றிக் காத்தும் வந்திருக்கிறார்கள்.

ஆகவே நம் வெயிலையும் தேநீரையும் துறந்துவிட்டோமா என்று அன்பர்கள் கேட்கலாம். இல்லை. துறவு எளிது, கேழ்வரகுக் களி கிண்டுவது கடினம். தண்ணீர் பிடிப்பதையும், பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதையும், பாத்திரம் கழுவுவதையும் நாம் ஏற்றுக்கொண்டோம். மகன் முதலில் வெட்கப்பட்டான். பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சமையல் தன்னுடையது என்றான். நாம் கிண்டிய களி முதல் நாள் கட்டிகட்டியாக இருந்தது. பேரன் ஒரு கட்டியை எடுத்து, "தாத்தா, இது சுரங்கத்துக் கல்லா?" என்றான். லைனில் சிலர் நகைத்தார்கள். "இந்த வயசில் ஐயாவுக்கு இது எதற்கு?" என்று நம் துணைவியாரிடம் இரக்கத்தோடு விசாரித்த பெண்களும் உண்டு.

எதிர்பாராத தடை வேறிடத்திலிருந்து வந்தது. துணைவியாருக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை. வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் மூன்று முறை எழுந்து போனார். "சும்மா உட்கார்ந்தா கை என்னமோ மாதிரி இருக்குதுங்க" என்றார். மற்றொரு நாள், சற்றுக் கோபமாகவே, "அடுப்பும் என்கிட்ட இல்லைன்னா இந்த வீட்டில் எனக்கு என்னதான் இருக்கு?" என்று கேட்டார். அதற்கு நம்மிடம் விடையில்லை. சூத்திரம் கூறிய இல்லத்து அதிகாரம் என்பது அவருக்கு அவ்வடுப்பு மட்டுமாகவே இருந்திருக்கிறது. ஓய்வென்று சொல்லி நாம் அதனைப் பறிக்கிறோமோ என்ற ஐயம் நம்மை இன்னும் விட்டபாடில்லை. திண்ணை மூலையிற் கயிறு திரித்த பாட்டனார் நினைவுக்கு வந்தார். ஒருவரை நாற்பத்தெட்டு ஆண்டுகள் உட்காரவிடாமல் வைத்திருந்துவிட்டு, ஒரு நாள் காலையில் நாற்காலியைக் காட்டி, 'மகிழ்ந்திரு' என்று கட்டளையிடுவதும் ஒருவகை எஜமானத்தனமே.

இப்பொழுது நாற்காலியைப் பற்றி நாம் பேசுவதில்லை. அதை வெயிலில் போட்டு வைக்கிறோம், அவ்வளவே. பத்திரிகையை முதலில் அவரிடம் கொடுக்கிறோம். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை காத்திருக்கிறோம். காத்திருத்தல் ஓய்வு பெற்றவனுக்குக் கடினமன்று.

நேற்றுக் காலை இரயிலுக்குப் போகிறவர்கள் போய், பேரனும் பள்ளிக்குப் போனபின், தாமாகவே வந்து அந்நாற்காலியில் அமர்ந்தார். முருங்கை பூத்திருந்தது. அண்ணாந்து பார்த்து, இவ்வாண்டு காய் அதிகம் பிடிக்கும் என்றார். கால் மணி நேரம் இருந்தார். நாம் கடிகாரத்தைப் பார்க்கவில்லையென்று சொன்னால் பொய்யாகும். பிறகு எழுந்து உள்ளே போய், நாம் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் கழுவினார்.